பாடசாலைப் பிள்ளையின் உணவு



வன்னியிலே, பெருந்தெருவை விட்டுச் சில கல் தொலைவு உள்ளே சென்றால் காணப்படும் ஒரு சிறிய பாடசாலையை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். முற்றத்திலே ஒரு வேம்பு. அதன் நிழலிலே ஒரு தண்ணீர்க் குழாய். காலை பத்தரை மணியளவில் இடைவேளை மணி அடிக்கிறது. பிள்ளைகள் பைகளைத் திறக்கின்றனர். ஒரு பையனின் கையில் பளபளக்கும் தாளிற் சுற்றிய விசுக்கோத்து. ஒரு சிறுமியிடம் உப்பும் எண்ணெயும் மிகுந்த பொரியற் பைக்கற்று. வேறொருவனிடம் செந்நிற இனிப்புப் பானம் நிறைந்த போத்தல். நான்காவது பிள்ளையின் பெட்டியிலே குரக்கன் பிட்டும் முருங்கையிலை வறையும் இருக்கின்றன. ஆயின் அப்பிள்ளை மூடியை முழுதும் திறவாமல், ஒரு கையால் மறைத்துக்கொண்டு மறுகையால் உண்கிறது. ஐந்தாவது பிள்ளை பையைத் திறக்கவேயில்லை. குழாயடிக்குச் சென்று தண்ணீர் அருந்திவிட்டு விளையாட ஓடிவிடுகிறது.

இந்த ஐந்து பிள்ளைகளைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். நான் வைத்தியக் கல்வி கற்றவள் அல்லேன். ஆரம்பப் பிரிவிற் பயிலும் இரு பிள்ளைகளுக்கு நாள்தோறும் உணவுப் பெட்டி கட்டிக்கொடுக்கும் ஒரு தாய். அந்த முறையிலேதான் பேசுகிறேன்.

ஐந்தாவது பிள்ளையின் துன்பம் எவருக்கும் விளங்கும். பசித்த வயிறோடு பாடம் ஏறாது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஆயின் முதல் மூன்று பிள்ளைகளும் பசியோடிருக்கின்றனர் என்று நான் கூறினால், நேயர்களுட் சிலர் வியப்படையலாம். வயிறு நிரம்பியபின்னும் உடல் பசித்திருத்தல் கூடும். வன்னியின் பல கிராமங்களிலே பிள்ளைகள் காலை ஆறரை மணிக்கே வீட்டைவிட்டுப் புறப்படுகின்றனர். ஒரு குவளை வெறுந் தேநீரும் இரண்டு விசுக்கோத்துமே பலருக்குக் காலையுணவு. அவற்றிலுள்ள சீனி விரைவாகக் குருதியிற் கலக்கிறது. கலந்த விரைவிலேயே தீர்ந்தும் போகிறது. மூன்றாம் பாடவேளையிலே பிள்ளையின் கண் சோர்கிறது. ஆசிரியர் அதனைக் கவனக்குறைவு என்கிறார். நாமும் வீட்டிலே சோம்பல் என்று கடிந்துகொள்கிறோம். போதாமைக்கு, உணவோடு சேர்த்து அருந்தும் தேநீர், கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவிடாமற் செய்கிறது. இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளை வெளிறிப்போகும், எளிதிற் களைக்கும், படித்ததை மனத்தில் இருத்த இடர்ப்படும்.

இது கற்பனையான அச்சம் அன்று. 2016-ஆம் ஆண்டிலே இலங்கையில் நடத்தப்பட்ட குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் அற்றவர். நூற்றுக்கு 15 பேர் உயரத்துக்கேற்ற நிறை அற்றவர். வயதுக்கேற்ற நிறை அற்றவரோ நூற்றுக்கு 21 பேர் ஆவர். போர் காரணமாக முன்னைய அளவீட்டிலே விடுபட்டுப்போன வட மாகாணமும் இவ்வளவீட்டில் உள்ளடங்கியிருந்தது. அன்று மடியிலிருந்த குழந்தைகளே இன்று நம் பாடசாலைகளில் அமர்ந்திருக்கும் மாணவர்.

இந்நிலை எவ்வாறு வந்தது? இதற்கு விடை தேடும்போது, எடுத்த எடுப்பிலே பெற்றோரைக் குற்றஞ்சாட்டுவது எளிது. நான் அதனைச் செய்யமாட்டேன். வன்னியின் அண்மைக்கால வரலாற்றை அறிந்த எவரும் செய்யமாட்டார்.

2009-ஆம் ஆண்டிலே, போரின் இறுதி மாதங்களில், முல்லைத்தீவுக் கரையோரத்தில் ஒடுங்கி நின்ற மக்களுக்கு அரிசியும் நீரும் உப்பும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சியே பல நாள்களில் உணவாயிற்று. அதனையும் வரிசையில் நின்றே பெறவேண்டியிருந்தது. பின்னர் செட்டிகுளத்து மனிக் பாம் முகாமிலே, 2012-ஆம் ஆண்டு செப்ரெம்பரில் அது மூடப்படும்வரை, பல குடும்பங்கள் பகிர்ந்தளிக்கப்பட்ட உணவையே நம்பி வாழ்ந்தன. இன்றும் ஆண்டுதோறும் மே மாதத்திலே அக்கஞ்சியை மீண்டும் காய்ச்சிப் பகிர்ந்து, மாண்டவரை மக்கள் நினைவுகூர்கின்றனர். அன்று பத்து வயதுப் பிள்ளையாய் அவ்வரிசையில் நின்றவர் இன்று ஒரு பிள்ளைக்குத் தாயோ தந்தையோ ஆகியிருக்கக்கூடிய வயதினர். அவருடைய உள்ளத்தை எண்ணிப் பாருங்கள். தாம் பெறாத ஒன்றைத் தம் பிள்ளைக்குக் கொடுக்க விரும்புவது இயல்பன்றோ? கடைத் தாளிற் சுற்றிய விசுக்கோத்தும் குளிரூட்டிய சோடாவும் அவர் கண்ணுக்கு வெறும் தின்பண்டங்கள் அல்ல. துன்பக்காலம் கடந்துவிட்டது என்பதற்கான சான்றுகள். கஞ்சியும் குரக்கனும் கீரையும் இல்லாமையின் நினைவுகள். ஆதலால், அன்பு மிகுந்த இடத்திலேயே போசாக்குக் குறைந்த உணவு பிள்ளையின் பைக்குள் நுழைகிறது. நம் இடர்ப்பாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

அதன்பின் வந்த இடர்களும் சிறியன அல்ல. 2021-ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. அடுத்து வந்த காலபோகத்திலே நெல் விளைச்சல் வீழ்ந்தது. 2022-ஆம் ஆண்டு செப்ரெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி உணவுப் பொருள்களின் விலையேற்றம் ஓராண்டுக்குள் 94.9 வீதத்தை எட்டிற்று. நேற்று வாங்கிய முட்டையை இன்று வாங்க இயலாத நிலை. அக்காலத்திலே எத்தனையோ வீடுகளில் முதலிற் குறைக்கப்பட்டவை மீனும் முட்டையும் பாலுமே. ஒருமுறை குறைந்த வழக்கம், விலை இறங்கியபின்னும் தானாக மீள்வதில்லை.

ஆயினும் நேயர்களே, வன்னி வறண்ட நிலமன்று. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று குளங்களாற் பெயர்பெற்ற நாடு இது. அக்குளங்களின்கீழ் நெல் விளைகிறது. குளத்து நீரில் மீன் வளர்கிறது. நந்திக்கடலும் நாயாறும் கொக்கிளாயும் இறாலும் மீனும் தருகின்றன. பூநகரியின் மொட்டைக்கறுப்பன் அரிசியை அறியாதார் யார்? வவுனியா மாவட்டத்து மேட்டுக் காணிகளிலே உழுந்து விளைகிறது. முல்லைத்தீவின் மணற்பாங்கான நிலங்களிலே கச்சான் விளைகிறது. முறிகண்டிப் பிள்ளையாரை வணங்கிக் கச்சான் வாங்காமல் அவ்வழியே சென்ற பயணிகள் மிகச் சிலரே. எருமைத் தயிர் உண்டு. காட்டுத் தேன் உண்டு. பருவம் வந்தால் பாலைப்பழமும் முரளிப்பழமும் உண்டு.

இவற்றின் மதிப்பை நிறுத்துப் பார்ப்போம். நூறு கிராம் குரக்கனிலே சுமார் 340 மில்லிகிராம் கல்சியம் உள்ளது. தீட்டிய வெள்ளை அரிசியிலோ சுமார் 10 மில்லிகிராம் மாத்திரமே. கச்சானிலும் உழுந்திலும் ஏறத்தாழ நாலிலொரு பங்கு புரதம். ஒரு முட்டையிலே ஏறக்குறைய 6 கிராம் புரதம். முருங்கையிலையிலே கல்சியம், இரும்புச்சத்து, விற்றமின் ஏ ஆக மாறும் சத்து என்பன ஒருங்கே அமைந்துள்ளன. அம்மரம் வேலியோரத்தில் விலையின்றி நிற்கிறது. கீரையோடு சிறிது தேசிக்காய்ப் புளி சேர்த்தால், அதிலுள்ள இரும்புச்சத்தை உடல் மேலும் நன்கு ஏற்கும்.

அரிசியைப் பற்றி ஒரு சொல். சென்ற நூற்றாண்டுக்கு முற்பட்ட 1890-களிலே, யாவாத் தீவில் பணிபுரிந்த கிறித்தியான் எய்க்மன் என்னும் ஒல்லாந்த வைத்தியர், தீட்டிய வெள்ளை அரிசியை மாத்திரம் உண்ட கோழிகள் நரம்புத் தளர்ச்சியால் வீழ்வதையும், தவிட்டோடு கூடிய அரிசியை உண்டபின் அவை எழுந்து நடப்பதையும் கண்டார். விற்றமின்கள் பற்றிய அறிவுக்கு வழிகாட்டிய அவ்வாராய்ச்சிக்காக 1929-ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. நெல்லைப் புழுக்கிக் காயவைத்துக் குற்றிய நம் பாட்டிமார் இவ்வாராய்ச்சியை அறிந்தவரல்லர். ஆயின் புழுக்கும்போது தவிட்டிலுள்ள விற்றமின் பி அரிசியின் உட்புறம் சென்று தங்கிவிடுகிறது. நம் சமையற்கட்டின் பழக்கத்துக்குள்ளேயே ஒரு பாதுகாப்பு இருந்தது. அதனை நாம் நாகரிகத்தின் பெயரால் கைவிட்டுவருகிறோம்.

அவ்வாறாயின் உணவு இருந்தும் பிள்ளை உண்ணாதது ஏன்? நான்காவது பிள்ளையிடம் மீண்டும் வருவோம். அப்பிள்ளை பெட்டியின் மூடியை ஏன் மறைத்தது?

என் வீட்டில் நிகழ்ந்ததையே கூறுகிறேன். ஒருநாள் என் மகள், “அம்மா, இனிக் குரக்கன் பிட்டுக் கட்டித் தரவேண்டாம்” என்றாள். சுவை பிடிக்கவில்லையோ என்று கேட்டேன். இல்லை, வீட்டிலே தந்தால் உண்பேன் என்றாள். பின்னர் மெல்ல மெல்லச் சொன்னாள்: உடன் பயிலும் பிள்ளைகள் அதன் கருநிறத்தைப் பார்த்துச் சிரித்தார்களாம். நான் உணவின் சத்தைப் பற்றி அவளுக்கு நெடுநேரம் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரி அம்மா, நாளைக்கு விசுக்கோத்துத் தாருங்கள்” என்றாள். அன்றுதான் எனக்கு உண்மை விளங்கிற்று. பிள்ளை சத்தை உண்பதில்லை. தோழர் உண்பதை உண்கிறது. தனியொரு தாய் தன் அடுக்களையிலிருந்து இப்போரில் வெல்ல முடியாது. வகுப்பு முழுவதும் ஒரே உணவை ஒன்றாக இருந்து உண்ணும்போதுதான் சிரிப்பவரும் இல்லை, மறைப்பவரும் இல்லை.

பாடசாலை உணவின் பெருமை இதுவே. அது பசித்த பிள்ளையின் பசியை ஆற்றுவதோடு அமைவதன்று. நம் மண்ணின் உணவுக்கு மரியாதையையும் மீட்டுத் தருவது.

பாடசாலையில் உணவு வழங்கும் எண்ணம் தமிழர்க்குப் புதியதன்று. 1920-ஆம் ஆண்டிலே, தியாகராயச் செட்டியார் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பகுதிப் பாடசாலையிலே மதிய உணவைத் தொடங்கிற்று. 1956-ஆம் ஆண்டிலே முதலமைச்சர் காமராசர் அதனைச் சென்னை மாநிலமெங்கும் பரப்பலானார். 1982-ஆம் ஆண்டு யூலை மாதத்தில் எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியிலே சத்துணவுத் திட்டமாய் அது விரிந்தது. 2022-ஆம் ஆண்டு செப்ரெம்பரிலே தமிழ்நாட்டரசு காலையுணவையும் சேர்த்தது. நம் இலங்கையிலும் அரசாங்க சபைக் காலமாகிய 1930-களிலேயே மதிய உணவு வழங்கப்பட்டது. பின்னாளிலே ‘கெயர்’ நிறுவனத்தின் உதவியோடு வந்த பாலையும், விசுக்கோத்தையும், பணிசையும் முதியோர் பலர் இன்றும் நினைவில் வைத்திருக்கின்றனர். 1973-இலே தாய்மாருக்கும் குழந்தைகளுக்குமாகத் திரிபோசா தொடங்கப்பெற்றது. 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே, ஆரம்பப் பிரிவு மாணவர் சுமார் 16 இலட்சம் பேருக்குமாகப் பாடசாலை உணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டது.

யப்பானியர் ஒரு படி மேலே சென்றனர். 1954-இலே பாடசாலை உணவுக்கெனத் தனிச் சட்டம் இயற்றினர். 2005-இலே உணவுக் கல்விக்கென மற்றொரு சட்டம் இயற்றினர். அங்கே வகுப்பறையிலே மாணவர் தாமே முறைவைத்துத் தோழருக்குப் பரிமாறுவர். ஆசிரியரும் உடனிருந்து அதே உணவை உண்பார். உண்பதும் அங்கே ஒரு பாடம். ஆசிரியர் விரும்பி உண்ணும் கீரையைப் பிள்ளை ஏன் வெறுக்கப்போகிறது?

இனி, நம் கிராமங்களிலே இத்திட்டம் செம்மையாக நடக்க வேண்டுமாயின் எண்ண வேண்டியவை சில உள்ளன. உணவைச் சமைத்து வழங்குவோர் பெரும்பாலும் அவ்வூர்ப் பெண்களே. அவருட் பலர் அதே பாடசாலைப் பிள்ளைகளின் தாய்மார். கடனுக்கு அரிசியும் பருப்பும் வாங்கிச் சமைத்துவிட்டு, பணம் எப்போது வரும் என்று காத்திருக்கும் நிலை அவர்களுக்கு நேர்வதுண்டு. விலைவாசி ஏறிய 2022-ஆம் ஆண்டிலே, கொடுத்த தொகை கட்டுப்படியாகாமல் நாட்டின் பல பகுதிகளிலும் வழங்குநர் இப்பணியைக் கைவிட்டனர். பணம் பிந்தினால் முதலில் முட்டை மறையும். பின்னர் கீரை மறையும். இறுதியிலே சோறும் நீர்த்த பருப்புமே எஞ்சும். ஆதலால், தட்டிலுள்ள முட்டையைக் காக்க விரும்புவோர், சமைத்தவளுடைய கூலி உரிய நாளில் அவள் கையைச் சேர்வதையும் காக்க வேண்டும். வழங்குநரும் பொருள்களை நகரத்து மொத்தக் கடையிலே தேடாமல், அவ்வூர்த் தோட்டத்திலும் கோழிக்கூட்டிலும் குளத்தடியிலும் கொள்வாராயின், பிள்ளையின் உணவு அயல்வீட்டின் வருவாயும் ஆகும்.

அடுத்தது பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையும் வாயிலுக்கு வெளியேயுள்ள கடையும். சிற்றுண்டிச்சாலையில் எவற்றை விற்கலாம், எவற்றை விற்றலாகாது என்பது பற்றிக் கல்வியமைச்சு சுற்றறிக்கைகள் விடுத்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல், இனிப்புப் பானங்களின் போத்தலில் சீனியின் அளவைக் குறிக்கும் நிறக்குறியும் கட்டாயமாயிற்று. நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்டால் சிவப்பு. 2 கிராம் முதல் 11 கிராம் வரை மஞ்சள். 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை என்று அப்போது விதிக்கப்பட்டது. இங்கே தாய்மார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிவப்பு இல்லை என்பதனால் அச்சமில்லை என்று எண்ணிவிடலாகாது. அவ்விதிப்படி, நூறு மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனியுள்ள பானம் மஞ்சட் குறியையே பெறும். ஆயின் 400 மில்லிலீற்றர்ப் போத்தல் ஒன்றை அருந்திய பிள்ளை 40 கிராம் சீனியை, அதாவது சுமார் பத்துத் தேக்கரண்டியை, விழுங்கிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015-இலே கூறிய அறிவுரைப்படி, நாளொன்றுக்கு 1,500 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு இத்தகைய சீனி 37 கிராமுக்கு உட்பட வேண்டும். ஒரு போத்தலே நாள் முழுவதற்குமான எல்லையைக் கடந்துவிடுகிறது.

“விதிகள் இருக்கட்டும், விடியுமுன் கூலி வேலைக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ புறப்படும் தாய் எப்போது பிட்டு அவிப்பாள்?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண்கள் வன்னியிலே பலர். அவர்களுக்கு நான் உபதேசம் செய்ய வரவில்லை. அவர்களால் இயலக்கூடிய சிலவற்றையே கூறுகிறேன். முதல்நாள் இரவு ஊறவைத்த கடலையோ கௌபியோ காலையில் விரைவாக அவிந்துவிடும். வறுத்த கச்சான் ஒரு கைப்பிடியும் ஒரு வாழைப்பழமும் கட்டிக்கொடுக்கச் சமையலே வேண்டியதில்லை. அவித்த முட்டை ஒன்று, விசுக்கோத்துப் பைக்கற்றிலும் பன்மடங்கு நன்மை தரும். தேநீரை உணவோடு கொடாமல், ஒரு மணி நேரமேனும் பிந்திக் கொடுக்கலாம். கொதித்தாறிய நீரைப் போத்தலில் நிரப்பிவிடலாம். பூச்சி மருந்தை உரிய காலத்திற் கொடுப்பதும், உண்ணுமுன் சவர்க்காரமிட்டுக் கை கழுவப் பழக்குவதும் உணவுக்கு நிகரானவை. ஏனெனில் வயிற்றிலே பூச்சி வளரும்போது நாம் ஊட்டும் உணவிற் பங்குகொள்வது அதுவே.

ஆயினும் தனித்தனியாகச் செய்வதைவிடக் கூடிச் செய்வதே பயன்தரும். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களிலே கட்டடத்தைப் பற்றியும் விளையாட்டுப் போட்டியைப் பற்றியும் பேசுகிறோம். அடுத்த கூட்டத்திலே உணவைப் பற்றியும் பேசுவோம். வாரத்தில் ஒருநாள் குரக்கன், ஒருநாள் உழுந்து, ஒருநாள் கடலை என்று ஒரு வகுப்பின் பெற்றோர் அனைவரும் ஒன்றாக முடிவுசெய்துகொண்டால், எந்தப் பிள்ளையின் பெட்டியும் தனித்துத் தெரியாது. பிறந்தநாளுக்கு இனிப்புப் பைக்கற்றுப் பகிரும் வழக்கத்தை எள்ளுருண்டைக்கும் பழத்துக்கும் மாற்றலாம். பாடசாலை வேலியோரம் முருங்கைத் தடிகளை நாட்டலாம். குழாயடியில் வீணாகும் நீரிலே பொன்னாங்காணியும் வல்லாரையும் வளரும். பிள்ளை தானே நட்டுத் தானே பறித்த கீரையைப் பார்த்துச் சிரிப்பதில்லை. இதனை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரத்துக்குப் பெயரிட்டுவிட்டு, அதிலே பெரும்பாலும் உணவைப் பற்றியே பேசினார். மருந்துக்கு முன் நிற்பது உணவு என்பதே அவர் கருத்துப் போலும். வன்னிப் பெற்றோராகிய நாம் எம் பிள்ளைகளுக்காகப் பெரிய செல்வங்களைச் சேர்த்துவைக்க இயலாதவராயிருக்கலாம். வீடும் தோட்டமும் ஒருமுறை அழிந்ததை நாம் கண்டவர். ஆனால் வளரும் பருவத்திலே எலும்பிலும் குருதியிலும் சேர்த்துவைக்கும் வலிமை, இடம்பெயர்ந்தாலும் பிள்ளையோடு கூடவே செல்லும் செல்வம்.

அந்தச் சிறிய பாடசாலையிலே நாளையும் இடைவேளை மணி அடிக்கும். குழாயடிக்கு ஓடும் ஐந்தாவது பிள்ளை அன்று ஒரு தட்டின் முன் அமரவேண்டும். நான்காவது பிள்ளை தன் பெட்டியின் மூடியை அச்சமின்றித் திறக்கவேண்டும். மற்ற மூவரும் அதனை எட்டிப் பார்த்து, “எனக்கும் கொஞ்சம் தா” என்று கேட்கவேண்டும். இவ்வளவே ஒரு தாயின் விருப்பம்.